குழியடிப் பேச்சு

பாம்புக்கல் தேயிலைத் தோட்டத்தின் நடுக்கணக்குப் பிரிவில் யாராவது கண்ணை மூடினால் முதல் ஆள் லூக்காஸைத் தேடித்தான் வரும். பூசாரியும் பாதிரியாரும் பிறகுதான். லூக்காஸ் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, வேலியில் ஒரு பச்சைக் கம்பை ஒடித்துக்கொண்டு செத்த வீட்டுக்குப் போவார். உடலுக்குப் பக்கத்தில் கம்பைக் கிடத்தி, உச்சந்தலைக்கும் குதிகாலுக்கும் சரியாக நறுக்கி, தோளில் வைத்துக்கொண்டு மயானத்துக்கு ஏறுவார். அந்தக் கம்பை விட ஒரு சாண் கூடுதலாகக் குழி வெட்டப்படும். செத்தவர் இந்துவா வேதக்காரரா என்று கம்பு கேட்டதில்லை. லூக்காஸும் கேட்டதில்லை.

குழி வெட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மண்வெட்டி விழுந்ததிலிருந்து மண் மூடுகிறவரை செத்தவரைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். பெயர் அதற்குக் குழியடிப் பேச்சு. நல்லதும் பேசலாம், கெட்டதும் பேசலாம், திருத்தத்தான் ஆள் எழுந்து வரப் போவதில்லையே என்ற தைரியத்தில் கொஞ்சம் பொய்யும் கலக்கலாம். கொழுந்துக் கூடைக்குள் கல்லைப் போட்டு நிறுத்தவள், சம்பள நாளில் மட்டும் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன், எல்லாம் அங்கே வெளியே வரும். மண் மூடியானதும் பேச்சும் முடிந்தது. மூடிய குழியின் மேல் நின்று வெட்டியவர்கள் கதை பேசக் கூடாது, பேசினால் செத்தவருக்குத் திரும்பி வர ஆசை வந்துவிடும் என்பார்கள். இந்த விதிகளில் லூக்காஸ் கறார். ஒருமுறை குழிக்குள் நின்றபடி கிரிக்கெட் பேசிய பையன்களை மண்வெட்டிக் காம்பால் முதுகில் ஒன்று போட்டு மேலே ஏற்றிவிட்டார்.

நினைத்துப் பார்த்தால் தோட்டத்து ஜனங்களின் வாழ்க்கையை ஒரே மூச்சில் முழுதாகச் சொல்கிற இடம் அது ஒன்றுதான். கல்யாணத்தில் சீரைப் பேசுவார்கள், திருவிழாவில் கட்சியைப் பேசுவார்கள். ஒரு மனுஷியைப் பற்றிப் பேச அவள் செத்து, அவளுக்காக நாலு பேர் வேர்த்து நனைய வேண்டும்.

இருதயம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. லூக்காஸின் மனைவி அவள்.

கார்த்திகை மழையில் கீழ் லயத்து வரிசை வீடுகளின் மேல் மலை சரிந்து இறங்கியது. காலை நேரம். லூக்காஸ் லயத்துக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட தண்ணீர்க் கானைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு சத்தம், அப்புறம் ஒரு மரம், அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது லயத்தில் பாதி இல்லை என்றார்கள். பதினோரு பேர் மண்ணுக்குள். மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் மூடுண்டு போன வருஷம் இதே கீழ் லயத்துப் பெண்கள்தான் வீட்டுக்கு வீடு அரிசி சேர்த்து அனுப்பினார்கள். இப்போது அங்கிருந்து இவர்களுக்கு வந்தது.

கந்தப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தது அடக்கமெல்லாம் முடிந்த பிறகு. லூக்காஸுக்கு அடுத்த காம்பரா வீட்டுக்காரர், நாற்பது வருஷச் சிநேகிதர். பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவர் என்பதால் முந்தின இரவு அங்கேயே தங்கி, உயிர் தப்பியவர். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லூக்காஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வேலாயிய எடுத்துட்டோம். பக்குவமா அடக்கமும் பண்ணிட்டோம்."

"மொகம் பாத்தியா?"

"மொகம்னு ஒண்ணும் இல்ல. படங்குதான் காட்டிக் குடுத்துச்சு. நான் தச்சதுல்ல, செவப்பு நூலு போட்டு."

மழைக்கும் பனிக்கும், செடியின் கிளை குத்தாமலும் இருக்கக் கொழுந்துக்காரிகள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த துணிதான் படங்கு. எல்லோருக்கும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக். வேலாயிக்கு மட்டும் அவள் புருஷன் பழைய லொறி மூடியை வெட்டி, கோணி ஊசியால் ஓரம் அடித்துக் கொடுத்திருந்தார். பச்சைப் படங்கு, சிவப்பு ஓரம். மலையில் எங்கே நின்றாலும் வேலாயி நிற்கிறாள் என்று தெரியும்.

அந்தப் பச்சைப் படங்கை மலை இறங்கிய அன்று காலையில் கட்டிவிட்டது லூக்காஸின் கைதான். வேலாயி காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். இருதயம்மாவின் படங்கு காயவில்லை. மழையென்று ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகாமல் இருந்தால் அன்றைய கூலிக்குப் பேர் விழாது. வேலாயி படுத்த இடத்திலிருந்தே, "என்னுத எடுத்துக் கட்டிக்கிட்டுப் போங்க மதினி" என்றாள். இருதயம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்ததால் பின்னால் முடிச்சுப் போட முடியவில்லை. லூக்காஸ்தான் போட்டுவிட்டார், அவிழாத முடிச்சாக.

"மச்சான்," என்று ஆரம்பித்தார் அவர்.

கந்தப்பன் விடவில்லை. "குழியடியில அவளப் பத்தி எவ்வளவு பேசுனாங்க தெரியுமா. கங்காணிய கூடையால அடிச்சாளே, அதக் குழி வெட்டுன தயாபரன் நடிச்சே காட்டுனான். நான் மேல நின்னு சிரிச்சிட்டேன் மச்சான், அழுதுக்கிட்டே சிரிச்சிட்டேன். மனசு கொஞ்சம் ஆறிச்சு." அப்புறம் லூக்காஸின் முகத்தைப் பார்த்து, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். "ஒனக்கு இதுகூட இல்லாமப் போச்சே. இருதயம்மா கெடைக்கவே இல்லியே."

இருதயம்மாவை வேலாயி என்று புதைத்துவிட்டு வந்த மனுஷன் தனக்காக அழுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார் லூக்காஸ். இந்த நேரத்தில் எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். உலகத்தில் பாதி அநியாயம் இந்த நாளைக்கு என்ற நினைப்பில்தான் நடக்கிறது.

தப்பியவர்களைப் பழைய ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எப்போதோ மூடிய தேயிலைத் தொழிற்சாலை அது. ஒரு காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாட்டிய மேல்மாடியில் சேலைகளைத் திரையாகக் கட்டி மனிதர்கள் படுத்தார்கள். வீடு வரும் என்றார்கள். வீடு வரவில்லை. வீடு எங்கே கட்டுவது என்று பார்க்க ஆட்கள் மட்டும் வந்து போனார்கள். லூக்காஸும் கந்தப்பனும் ஒரே திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு பாயில்.

வெள்ளிக்கிழமை தோறும் கந்தப்பன் மயானத்துக்குப் போவார். ஊன்றுகோலோடு லூக்காஸும் போவார். மழையில் போனவர்களுக்கென்று மேட்டில் மானாப் புல்லை வெட்டி ஒதுக்கிய இடம், அங்கே நின்றால் நமுனுகுல மலை நேரே தெரியும். கந்தப்பன் புல் பிடுங்கி, ஊதுபத்தி கொளுத்தி, உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். சந்தையில் முட்டைக்கோவா விலை, காலில் வந்த புண், மகள் சுபாஜினி குவைத்திலிருந்து எடுத்த போன், ஒன்று விடாமல்.

"மூடுன குழி மேல பேசக் கூடாது மச்சான்," என்று முதல் தடவை லூக்காஸ் சொல்லிப் பார்த்தார்.

"அது வெட்டுனவங்களுக்கு. தாலி கட்டுனவனுக்கு ஏது சட்டம்?"

இருதயம்மா உயிரோடு இருந்தபோது கந்தப்பனைக் கண்டால் ஆகாது அவளுக்கு. குடித்துவிட்டு வாசலில் பாடுகிறார் என்று ஒருநாள் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவர் தலையில் ஊற்றியவள். இப்போது வெள்ளிக்கு வெள்ளி அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாளே என்று நினைத்ததும் லூக்காஸுக்கு ஒருமுறை சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. இருமல் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று லூக்காஸ் தீர்மானித்தார். தன் மனைவியின் தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி வைக்க வேண்டும், ஒரு ஜெபம் சொல்ல வேண்டும், அதற்கு முன் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு பேருமாக மேட்டுக்கு ஏறினார்கள். லூக்காஸ் திரியைப் பற்றவைத்து மண்ணில் ஊன்றினார். காற்றுக்குக் கையை மறைவாகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கும்போது கந்தப்பன் முந்திக்கொண்டார்.

"வேதக்காரனா இருந்துக்கிட்டு என் பொண்டாட்டிக்கு மெழுகுதிரி வைக்கிறியே மச்சான். இந்த ஒரு வருஷமா நான் குடிக்கல, கவனிச்சியா? வெள்ளிக்கெழமை இங்க வரணும்ல. இது ஒண்ணு இல்லன்னா நான் காலையில எதுக்கு எந்திரிக்கிறேன்?"

திரி எரிந்து முடிகிறவரை லூக்காஸ் கையை எடுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு வருஷ நினைவு தினம் நடத்தினார்கள். தோட்டத்தை எட்டிப் பார்க்காத பெரிய மனிதர்களெல்லாம் வெள்ளை உடுத்தி வந்து, பதினோரு படங்கள் போட்ட பதாகைக்கு மாலை போட்டார்கள். இருதயம்மாவின் படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது, யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள். பேசியவர் எல்லோரையும் சேர்த்து 'இந்த உறவுகள்' என்றார். ஒருவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

தை மாதம் கந்தப்பன் போய்விட்டார். சந்தையில் கோவா மூட்டையைத் தோளுக்கு ஏற்றியவர் அப்படியே உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

சுபாஜினி வந்து சேர்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "மாமா, அப்பாவ அம்மாவுக்கு ஒட்டினாப்புல வைக்கணும். நீங்கதான் எடம் பாக்கணும்."

லூக்காஸ் வேலியில் கம்பு ஒடித்தார். கந்தப்பனின் பக்கத்தில் அதைக் கிடத்தி நறுக்கினார். முதல் கம்பு பிசகி, இன்னொன்று ஒடிக்க வேண்டியிருந்தது. தயாபரனும் இன்னும் இரண்டு பேரும் மண்வெட்டியும் அலவாங்குக் கடப்பாரையுமாகக் கூட ஏறினார்கள். தயாபரன் ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல வேலைக்காரன்.

மேட்டில் கம்பை வைத்து நாலு மூலையும் கீறினார் லூக்காஸ். தயாபரன் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"என்னண்ணே, நடுவுல இன்னொரு ஆளே படுக்கலாம் போல இருக்கு. ஒட்டினாப்புலன்னுதான சொன்னிச்சு அந்தப் புள்ள?"

"அந்தப் பக்கம் கல்லுடா."

கல் என்று லூக்காஸ் சொன்னால் கல்தான். அந்த மேட்டு மண்ணை அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? வெட்டத் தொடங்கினார்கள். அந்த இடைவெளி யாருக்கென்று லூக்காஸுக்கு மட்டும் தெரியும். சொல்ல முடியாவிட்டால் போகட்டும், அவள் பக்கத்தில் தானும் ஒருநாள் படுத்துவிட்டால் போதும். தனக்கும் கம்பு அளக்க யாராவது இருப்பார்கள். இந்த ஒரு நினைப்புதான் அவரிடம் மிச்சம் இருந்தது.

பேச்சு களை கட்டியது. கந்தப்பன் குடித்துவிட்டுத் துரை பங்களா வாசலில் படுத்த கதை, மகளை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டுக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த கதை, படங்கு தைத்த கதை. தயாபரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒண்ணுமே பேசலியேண்ணே, ஒங்களுக்குத்தான அவரக் கூடத் தெரியும்" என்றான்.

லூக்காஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார். அவருக்கு இடது கைப் பக்கம், ஒரு ஆள் அகல மண்ணுக்கு அப்பால், இருதயம்மா கிடந்தாள். கந்தப்பனைப் பற்றித்தான் ஆரம்பித்தார். கந்தப்பனின் தலையில் தண்ணீர் ஊற்றிய கதை. அங்கிருந்து பேச்சு தானாக நழுவியது.

"இருதயம்மா இருக்கா பாருங்க, அவளுக்குச் சீனிய உள்ளங்கையில வச்சு நக்கித்தான் தேத்தண்ணி குடிக்கணும். ரெண்டு புள்ள பெத்தா. ரெண்டும் தங்கல. சுபாஜினிய இடுப்புல வச்சு அவதான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனா, ஆத்துப் பாலம் ஒடைஞ்ச வருஷம். கோயில்ல எல்லாரும் ஒரு ராகத்துல பாடுனா இவ ஒரு ராகத்துல பாடுவா. ஃபாதரே ஒருநாள்..."

மூன்று மண்வெட்டிகளும் நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

"அண்ணே," என்றான் தயாபரன் மெதுவாக. "இது கந்தப்பண்ணன் குழி. ஒருத்தர் குழியில இன்னொருத்தர் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அக்காவப் பத்தி கீழ போய்ப் பேசலாம்."

"ஆமாடா. மறந்துட்டேன்."

குனிந்து வெட்டினார். சிநேகிதன் போன துக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சுபாஜினி கல்லறை கட்டுவதற்கு டவுனிலிருந்து கொத்தனார் வாஹித் பாஸைக் கூட்டி வந்தாள். மறுநாளே அவள் குவைத்துக்குத் திரும்ப வேண்டும். மேட்டுக்கு ஏறும் வழியில் லூக்காஸ் அவளை நிறுத்தினார். இதுவரை இரண்டு தடவை விழுங்கியாயிற்று, இனி விழுங்க முடியாது.

"சுபா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன் மாமா." அவள் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். "அம்மா செத்தத போன்லதான் கேட்டேன். மேடம் லீவு குடுக்கல. அன்னைக்குப் பூரா அவங்க வீட்டு விருந்துக்குச் சமைச்சேன். மொகத்தப் பாக்கல, ஒரு புடி மண்ணு போடல. இப்ப வந்து அம்மா இங்கதான் இருக்கான்னு கையால தொட்டுப் பாத்தப்பதான் எனக்கு மூச்சே வந்திச்சு. இந்த எடமும் இல்லாம இருந்திருந்தா எனக்குப் புத்தி பேதலிச்சிருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இருதயம்மா அத்தைக்கு ஒரு எடமே இல்லியே. நீங்க எப்படித்தான் தாங்குறீங்களோ."

இந்தப் பிள்ளையை இடுப்பில் சுமந்தவளின் மேல்தான் அவள் கையை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"பழகிருச்சும்மா," என்றார் லூக்காஸ்.

"என்னமோ சொல்லணும்னீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒடம்பப் பாத்துக்க. அதான்."

மேட்டில் வாஹித் பாஸ் இரண்டு குழிகளையும் இடையில் கிடந்த மண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றார். "இது ரெண்டையும் தனித்தனியாக் கட்டினா நடுவுல பில்லு மொளச்சுத் தள்ளிப் போடும். ஒரே பிளேட்டா அடிச்சிட்டா நல்லம்."

"அதுதான் எனக்கும் வேணும்," என்றாள் சுபாஜினி. "ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கட்டும். ஆனா நடுவுல கல்லு இருக்குன்னு மாமா சொன்னாங்க."

வாஹித் பாஸ் அலவாங்கை எடுத்து நடுவில் ஒரு குத்துக் குத்தினார். அது சத்தமில்லாமல் இறங்கியது. இன்னொரு இடத்தில் குத்தினார். "கல்லு ஒண்டும் இல்லையே. நல்ல பொருபொருத்த மண்ணு."

இரண்டு பேரும் லூக்காஸைப் பார்த்தார்கள்.

"வயசாயிருச்சு," என்றார் லூக்காஸ். "பெசகிட்டேன்."

அன்று பொழுதுக்குள் வேலை முடிந்தது. லூக்காஸ் மணல் சலித்துக் கொடுத்தார், மலை ஊற்றுப் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். இரண்டு குழிகளையும் நடுவிலிருந்த ஒரு ஆள் அகலத்தையும் சேர்த்து ஒரே பலகையாகச் சீமெந்து மூடியது. வாஹித் பாஸ் ஈரத்தின் மேல் ஆணியால் எழுதினார்: கந்தப்பன், மனைவி வேலாயி. எழுத்து அழகாக வந்திருந்தது. சுபாஜினி தொட்டுக் கும்பிட்டாள்.

"மூணு நாளைக்குக் காலையும் மாலையும் தண்ணி ஊத்தோணும்," என்றார் வாஹித் பாஸ், கரண்டியைக் கழுவிக்கொண்டு. "இல்லாட்டி வெடிச்சுப் போகும்."

"நீங்க ஊத்திருவீங்களா மாமா? எனக்கு நாளைக்கு பிளைட்டு."

"ஊத்திர்றேன். நீ கவலப்படாமப் போம்மா."

மறுநாள் காலையில் லூக்காஸ் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் ஊன்றுகோலுமாக மேட்டுக்கு ஏறினார். யாரும் இல்லை. கேட்க ஆளில்லாத இந்த நேரத்தில் இருதயம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிடலாம் என்றுதான் வந்தார். ஃபாதரே ஒருநாள் பூசையை நிறுத்திவிட்டுச் சிரித்த அந்தக் கதை பாதியில் நிற்கிறது. பலகையின் ஓரத்தில் நின்று வாயைத் திறந்தார். மூடிய குழியின் மேல் வெட்டியவன் பேசக் கூடாது. கட்டியவன் பேசலாம். கட்டியவன் யார் என்று அங்கே சீமெந்தில் எழுதியிருந்தது.

வாளியைச் சாய்த்து, ஓரம் விடாமல் தண்ணீரை ஊற்றினார். மூன்று நாளும் காலையும் மாலையும் ஊற்றினார். சீமெந்து ஒரு வெடிப்பு இல்லாமல் நன்றாக இறுகியது.